கல் பெடல், பஞ்சு பெடல்: பூஸ்டர் இல்லாத காருக்கு பிரேக் அமைத்த கதை

செஞ்சியிலிருந்து வடக்கே தேசூர் பக்கம் போனால் சீயமங்கலம். மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் அங்கே இருக்கிறது. கல்வெட்டு அதை அவனிபாஜன பல்லவேஸ்வரம் என்கிறது. தூணில் ஆடும் சிவன், பக்கத்துக் குன்றில் சமணச் சிற்பங்கள் என்று பார்க்க நிறைய உண்டு. அப்பாவும் நானும் வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை போவோம். இந்தக் குறிப்பு கோயிலைப் பற்றியதல்ல, அங்கே போகும் வழியில் நடந்த ஒரு விஷயத்தைப் பற்றியது.

வண்டி அப்பாவுடைய பழைய பிரீமியர் பத்மினி. நான் அதை ரெண்டு வருஷமாக நோண்டிக்கொண்டிருந்தேன். இன்ஜினில் கேம் மாற்றியாச்சு, முன்னால் டிரம்மைக் கழற்றி டிஸ்க் போட்டாச்சு. மாஸ்டர் சிலிண்டரும் புதுசு. ஒரு பெரிய காரிலிருந்து எடுத்தது, 25.4 மி.மீ. துளை. "பெருசா இருந்தா நல்லா புடிக்கும் சார்" என்றார்கள், நானும் நம்பினேன். கால் வைத்தால் பெடல் கல் மாதிரி நின்றது. ஆஹா, என்ன உறுதி என்று எனக்கு ஒரே பெருமை.

தேசூர் சாலையில் ஒரு வளைவு. சாலையோரம் மல்லாட்டை காயப்போட்டிருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. வேகம் அறுபதுதான் இருக்கும். பெடலை மிதித்தேன். பெடல் நகரவில்லை, வண்டியும் நிற்கிற மாதிரி தெரியவில்லை. சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து ரெண்டு காலாலும் மிதித்தேன். கடைசி ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மேய்த்துக்கொண்டிருந்த அம்மா என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கோயிலைப் பார்த்தோம். கிளம்பும்போது, "நீ வா, நான் பஸ்ல வந்துடறேன்பா" என்றார். நான் கெஞ்சிப் பார்த்தேன். "டிரம்லயே நல்லாத்தான் நின்னுச்சு. எதுக்கு அதைப் போய் மாத்தின?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு பதில் தேடித்தான் அடுத்த மூணு மாசம் போனது. அப்பா சொன்னது சரி. ஏன் சரி என்பதுதான் இந்தக் குறிப்பின் முதல் பாதி.

டிரம் தனக்குத் தானே உதவி செய்துகொள்ளும்

டிரம் பிரேக்கில் ரெண்டு ஷூ. சக்கரம் சுற்றும் திசையில் அமைந்த ஷூவை டிரம்மின் சுழற்சியே இழுத்து இன்னும் இறுக்கமாக அழுத்திக்கொள்ளும். கதவுக்கு அடியில் ஆப்பு மாட்டிக்கொண்டால், தள்ளத் தள்ள இறுகும் இல்லையா, அது மாதிரி. சிலிண்டர் கொடுக்கும் விசையைப்போல ரெண்டு மடங்கு, சில அமைப்புகளில் மூணு மடங்குக்கும் மேல் உராய்வு விசை கிடைக்கும்.

டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. பேட் டிஸ்க்கை நேராக அழுத்துகிறது, சுழற்சி அதை இறுக்குவதில்லை. உராய்வு எண் 0.4 என்றால், ரெண்டு பக்க பேடும் சேர்ந்து அழுத்து விசையில் 0.8 மடங்கு மட்டுமே பிடிக்கும். அதனால்தான் காலிப்பரில் அவ்வளவு பெரிய பிஸ்டன் வைக்கிறார்கள். டிஸ்க் பரவலான அதே காலத்தில் பூஸ்டரும் பரவியது தற்செயல் இல்லை. 1955-ல் வந்த சிட்ரோன் டிஎஸ், முன்சக்கர டிஸ்க்கையும் உயர் அழுத்த எண்ணெயின் பலத்தையும் சேர்த்தே கொண்டு வந்தது.

அப்படியென்றால் டிஸ்க் எதற்கு? டிரம்மின் அந்த ஆப்பு குணம்தான் அதன் கோளாறும். உராய்வு எண் கொஞ்சம் ஏறினால் பிடிப்பு அதைவிட அதிகமாக ஏறும், சூடானால் திடீரென்று விழும். ஈரத்தில் ஒரு பக்கம் கவ்வும். டிஸ்க் அப்படி இல்லை. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு பிடிக்கும். நல்ல பெடல் உணர்வுக்கு இதுதான் அஸ்திவாரம். ஆனால் பூஸ்டர் இல்லாத வண்டியில் டிஸ்க் போட்டால், டிரம் இலவசமாகக் கொடுத்த உதவியை நாம் வேறு எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. போதாததற்கு இருந்த உதவியையும் குறைத்திருந்தேன்.

கணக்கு

வண்டி ரெண்டு பேரோடு 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில் 0.8 ஜி வேகத்தளர்ச்சி வேண்டும். சாலையில் தேவைப்படும் மொத்த விசை சுமார் 7840 நியூட்டன். சக்கர ஆரம் 0.28 மீட்டர். முன்சக்கரங்கள் 70 சதவீதம் சுமந்தால் ஒரு முன்சக்கரத்துக்கு 768 நியூட்டன் மீட்டர் முறுக்கம்.

டிஸ்க்கில் பேட் பிடிக்கும் இடத்தின் ஆரம் 9 செ.மீ. அங்கே தேவையான உராய்வு விசை 8540 நியூட்டன், ஒரு பேடுக்கு 4270. உராய்வு எண் 0.4 என்றால் காலிப்பர் அழுத்த வேண்டியது 10,670 நியூட்டன். ஒரு டன்னுக்கு மேல்! காலிப்பர் பிஸ்டன் 48 மி.மீ. விட்டம், பரப்பு 1810 சதுர மி.மீ. ஆக, குழாயில் தேவைப்படும் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 5.9 நியூட்டன், அதாவது 59 பார்.

இந்த அழுத்தத்தைக் கால்தான் உண்டாக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் சின்னதாக இருந்தால் குறைந்த விசையிலேயே அந்த அழுத்தம் வரும். பெடல் விகிதம் அதிகமாக இருந்தால் கால் விசை இன்னும் குறையும். பெடல் விகிதம் என்பது எளிய நெம்புகோல் கணக்கு. பெடலின் அச்சிலிருந்து பாதம் வைக்கும் இடம் வரை உள்ள தூரத்தை, அச்சிலிருந்து தள்ளுகம்பி வரை உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும்.

எண்ணெயையும் பார்க்க வேண்டும். பிஸ்டன்கள் நகர, பேட் கொஞ்சம் நசுங்க, பின்சக்கர ஷூ விரிய என்று மொத்தம் சுமார் 3300 கன மி.மீ. எண்ணெய் நகர்கிறது என்று வைப்போம். எல்லாம் ஒழுங்காக இருக்கும் வண்டியில் இவ்வளவு. இப்போது நாலு சேர்க்கைகள்:

- சிலிண்டர் 25.4 மி.மீ., விகிதம் 4: கால் விசை 76 கிலோ, பெடல் நகர்வு 26 மி.மீ.
- சிலிண்டர் 19.05 மி.மீ., விகிதம் 4: 43 கிலோ, 46 மி.மீ.
- சிலிண்டர் 19.05 மி.மீ., விகிதம் 5: 34 கிலோ, 58 மி.மீ.
- சிலிண்டர் 15.87 மி.மீ., விகிதம் 5: 24 கிலோ, 83 மி.மீ.

ஒவ்வொரு வரியிலும் கிலோவையும் மி.மீட்டரையும் பெருக்கிப் பாருங்கள். எல்லாம் 2000-க்குப் பக்கத்தில்தான் வரும். கால் செய்யும் வேலை மாறாது. விசையைக் குறைத்தால் தூரம் கூடும், தூரத்தைக் குறைத்தால் விசை கூடும். கிணற்றில் கப்பி போட்டு இறைப்பதிலும் இதே பேரம்தான். பூஸ்டர் மட்டுமே இந்தப் பேரத்தை உடைக்கும், ஏனென்றால் அது வெளியிலிருந்து பலம் கொண்டுவருகிறது.

முதல் வரிதான் என் வண்டி. 25.4 மி.மீ. சிலிண்டர் பூஸ்டர் உள்ள காருக்காக அமைந்தது. எட்டு அங்குல பூஸ்டரில் 0.6 பார் வெற்றிடம் இருந்தால் அது மட்டுமே 1900 நியூட்டனுக்கு மேல் தள்ளும். அந்த உதவியோடு அதே சிலிண்டரில் கால் விசை 27 கிலோவுக்கு வந்துவிடும். பூஸ்டரை விட்டுவிட்டு சிலிண்டரை மட்டும் எடுத்து வந்து மாட்டினேன். பெடலின் கல் போன்ற உறுதியை நல்ல பிரேக் என்று நினைத்துக்கொண்டேன். பெடல் நகராததற்குக் காரணம், நான் எண்ணெயை அழுத்தவே இல்லை என்பதுதான்.

குளியலறை எடை மெஷினைச் சுவரில் சாய்த்து, நாற்காலியில் கார் சீட் மாதிரி உட்கார்ந்து காலால் அழுத்திப் பாருங்கள். 40 கிலோ என்றால் என்ன என்று கால் புரிந்துகொள்ளும். எனக்கு 40 சுலபம், 60-ல் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அப்பாவை அழுத்தச் சொன்னேன். அவருக்கு எழுபத்து நாலு வயசு. 38 வந்தது.

38 கிலோவுக்கு என் கல் பெடல் கொடுக்கும் வேகத்தளர்ச்சி 0.4 ஜி. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 35 மீட்டர் வேண்டும். 0.8 ஜி கிடைத்தால் 18 மீட்டர் போதும். வித்தியாசம் 17 மீட்டர், ஒரு ஆட்டு மந்தை அகலம். இருபது வருஷம் அந்த வண்டியை ஓட்டிய மனுஷன் இனி அதை ஓட்டவே முடியாதபடி நான் செய்து வைத்திருக்கிறேன் என்பது அந்த எடை மெஷினைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பயணிகள் காருக்கான ஐ.நா. பிரேக் விதி, சோதனையில் 500 நியூட்டனுக்கு மேல் கால் விசை கொடுக்கக்கூடாது என்கிறது. அதாவது சுமார் 51 கிலோ. என் வண்டி அதைத் தாண்டி எங்கேயோ இருந்தது.

ஆகவே இலக்கு தெளிவு: 34 கிலோ, விகிதம் 5, சிலிண்டர் 19.05.

பூஸ்டரே போட்டிருக்கலாமே?

நியாயமான கேள்வி. பூஸ்டர் இன்ஜினின் உறிஞ்சு குழாயிலிருந்து வெற்றிடம் எடுக்கிறது. என் இன்ஜினில் கேம் மாற்றியதால் வால்வுகள் ஒன்றின்மேல் ஒன்று திறந்திருக்கும் நேரம் அதிகம். ஐடிலில் வெற்றிடம் பலவீனம், முள் ஆடிக்கொண்டே இருக்கும். பாதி வெற்றிடத்தில் பூஸ்டர் பாதி உதவிதான் செய்யும். அதுவும் ஒருநாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி. மின் பம்ப் வைக்கலாம். ஆனால் அது நின்றுபோனால் மறுபடியும் பழைய கல் பெடல். மாற்றி அமைத்த பல வண்டிகளில் இதே நிலைமைதான். ஒன்று வெற்றிடம் போதாது, இல்லையென்றால் இடம் போதாது.

பந்தயக் கார்களில் பூஸ்டர் வைக்காததற்குக் காரணம் வேறு. நம் ஊரில் அந்த வகை வண்டிகளுக்கு நல்ல பாரம்பரியம் உண்டு. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் போய், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளமே வந்துவிட்டது. கோவை கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து, கட்டுப்படியாகும் விலையில் ஒற்றை இருக்கை பந்தயக் கார் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. அதில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1 வரை போனார். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்திலுள்ள கரி ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

அதே கரி ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் என்ற போட்டி நடக்கிறது. கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வருவார்கள். அங்கே பிரேக் சோதனை எளிமையானது, கொடூரமானது: ஓடிவந்து மிதிக்க வேண்டும், நாலு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஓடுதளத்துக்குள் விடமாட்டார்கள். பிரேக் பெடல் 2000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்றும் விதி. 200 கிலோ! பயத்தில் மனிதன் எவ்வளவு மிதிப்பான் என்று யோசித்து எழுதிய விதி அது. தேசூர் சாலையில் நான் மிதித்ததை நினைத்தால் அது மிகை இல்லை. மாணவர்கள் பூஸ்டர் இல்லாமல், முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று ரெண்டு மாஸ்டர் சிலிண்டர் வைத்து, நடுவில் ஒரு சமநிலைக் கம்பியால் பங்கு பிரிக்கிறார்கள். ஃபார்முலா 1 ஓட்டுநர்கள் நூறு கிலோவுக்கு மேல் மிதிக்கிறார்கள். அங்கே ஓட்டுநரின் கால் பலமாக மிதிக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பாதம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை நாம் அவ்வளவு துல்லியமாக உணர்வதில்லை. எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்பதை நன்றாக உணர்கிறோம். மேலே சொன்ன சிட்ரோனில் பெடலே கிடையாது, தரையில் காளான் மாதிரி ஒரு ரப்பர் குமிழ்தான். அது ஏறக்குறைய நகரவே நகராது, அழுத்தத்துக்குத் தகுந்தபடி வண்டி நிற்கும். பழகியவர்கள் அதற்கு இணையே இல்லை என்பார்கள். ஆக, நல்ல பெடல் என்றால் லேசான பெடல் என்று அர்த்தமில்லை. கொஞ்சம் நகர்ந்து பேடைத் தொட வேண்டும். அதற்குப் பிறகு விசை கூடக்கூடப் பிடிப்பும் அதே அளவில் கூட வேண்டும். இன்று மிதித்ததும் நாளை மிதிப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த விசை ஓட்டுபவரின் காலுக்குள் அடங்க வேண்டும்.

கல் போய் பஞ்சு வந்தது

19.05 மி.மீ. சிலிண்டரை மாட்டினேன். பெடலில் அச்சிலிருந்து பாதம் வரை 280 மி.மீ. தள்ளுகம்பித் துளை 70-ல் இருந்தது, அதை 56-க்குக் கொண்டுவந்தால் விகிதம் 4-லிருந்து 5. இதைப் பட்டறையில் ஏதோ ஒரு பட்டையை வெல்டிங் வைத்துச் செய்யாதீர்கள். பெடல் உடைந்தால் வேறு எந்தக் கணக்கும் உதவாது. நான் முழுப் பெடலையே தடித்த தகட்டில் புதிதாக வெட்டிச் செய்யச் சொன்னேன்.

கணக்குப்படி 58 மி.மீ. நகர வேண்டும். டேப் வைத்து அளந்தேன், 105 வந்தது. பெடல் ஏறக்குறைய தரையைத் தொட்டது. கல் போய் பஞ்சாகிவிட்டது. "அப்பவே சொன்னேன், சின்ன சிலிண்டர் வேணாம்னு" என்று பட்டறையில் சிரித்தார்கள். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் மறுபடி பெரிய சிலிண்டருக்குப் போய்விடுகிறார்கள். பெரிய சிலிண்டர் கோளாறை மறைக்கும், தீர்க்காது.

58-க்கும் 105-க்கும் நடுவில் 47 மி.மீ. எங்கோ வீணாகிறது. பூஸ்டர் இல்லாத வண்டியில் கால் செய்யும் வேலை அளவோடுதான் இருக்கும், அதில் பாதியை வண்டி வழியில் தின்றுவிட்டால் பேடுக்கு என்ன மிஞ்சும்? ஒவ்வொன்றாகத் தேடினேன்.

முதல் திருடன், காற்று. காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிள் உச்சியில் இருக்க வேண்டும். நான் இடதையும் வலதையும் மாற்றி மாட்டியிருந்தேன். நிப்பிள் கீழே இருந்தது. எத்தனை தடவை பிளீட் செய்தாலும் மேலே ஒரு குமிழி அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரு சி.சி. காற்று 59 பாரில் அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்த ஒரு சி.சி. குமிழி மட்டுமே பெடலில் 17 மி.மீ. தின்னும். சரியாக மாற்றி மாட்டி, எண்ணெய் முழுக்க மாற்றி, பொறுமையாகக் காற்று எடுத்தேன்.

ரெண்டாவது, பின்சக்கர டிரம். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் முதல் பாதி மிதி ஷூவை நகர்த்தவே போய்விடும். இதற்கு ஒரு எளிய சோதனை: ஹேண்ட் பிரேக்கை ரெண்டு மூணு பல் இழுத்துவிட்டு பெடலை மிதியுங்கள். பெடல் சட்டென்று மேலே நின்றால் பின்னால் அட்ஜஸ்ட்மென்ட் தளர்வு. என் வண்டியில் 15 மி.மீ. உயர்ந்தது. ஷூவை லேசாக உரசும் வரை ஏற்றி, ஒரு பல் இறக்கிவிட்டேன்.

மூணாவது, தகடு. ஒருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்து மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். அது மாட்டியிருக்கும் தகடு மூச்சு விடுவதுபோல வளைந்தால், அதுவும் திருட்டுத்தான். 2 மி.மீ. வளைந்தால் விகிதம் 5-ல் பெடல் 10 மி.மீ. வீணாகும். பின்னால் ஒரு தடித்த பட்டை கொடுத்து, பெடல் அச்சையும் சிலிண்டரையும் ஒரே தாங்கியில் இணைத்தேன்.

கடைசி 5 மி.மீ. பழைய ரப்பர் ஹோஸ். அழுத்தத்தில் பலூன் மாதிரி உப்பும். கம்பி பின்னிய ஹோஸ் போட்டேன். செலவுக்கு ஏற்ற பலன் இதில்தான் குறைவு. ஆனால் எல்லோரும் முதலில் வாங்குவது இதைத்தான்! முந்தின மூணையும் சரி செய்யாமல் இதை மட்டும் மாற்றினால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

மறுபடி அளந்தேன். 60. கணக்குக்கு ரெண்டு மி.மீ. அதிகம். போதும்.

மறந்தால் ஆபத்தான நாலு விஷயம்

தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையில் ஒரு மி.மீ. அளவுக்கு இடைவெளி கட்டாயம் வேண்டும். பெடல் உயரமாக நிற்கட்டும் என்று அதை இறுக்கிவிட்டால், சிலிண்டரில் எண்ணெய் திரும்பிப் போகும் சின்னத் துளை மூடிக்கொள்ளும். ஓட ஓட எண்ணெய் சூடாகி விரியும், போக வழி இருக்காது, பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, எச்ச அழுத்த வால்வு. பழைய டிரம் வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டரில் இது இருக்கும். பெடலை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்மில் ஷூவின் ஸ்பிரிங் அதைச் சமாளிக்கும். டிஸ்க்கில் பேடை இழுக்க ஸ்பிரிங் கிடையாது, பேட் உரசிக்கொண்டே இருக்கும். டிரம் சிலிண்டரை டிஸ்க் வண்டிக்குப் போட்டால் டிஸ்க் குழாய்க்குப் போகும் வழியில் இந்த வால்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

மூணாவது, பேட். பேடின் ஓரத்தில் ரெண்டு எழுத்து அச்சிட்டிருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில், ரெண்டாவது அதிகச் சூட்டில் உராய்வு எண். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45. 0.4-க்குக் கணக்குப் போட்டுவிட்டு 0.3 பேட் வாங்கினால் 34 கிலோ 46 ஆகிவிடும், அப்பாவின் கால் மறுபடி தோற்கும். பந்தய பேடும் வேண்டாம். அது சூடானால்தான் கடிக்கும். சந்தைக்குப் போகும் வழியில் முதல் மிதியிலேயே பிடிக்கிற பேடுதான் நமக்கு.

நாலாவதுதான் மிக முக்கியம். முன்னால் டிரம்மை எடுத்து டிஸ்க் போட்டால் முன்பக்கப் பிடிப்பு குறைந்திருக்கலாம், பின்பக்கம் பழையபடியே இருக்கும். அப்போது பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி பம்பரமாகச் சுற்றும். மாஸ்டர் சிலிண்டரை மாற்றினால் முன்னும் பின்னும் சேர்ந்தே மாறும், இந்தப் பங்கு சரியாகாது. ஆளில்லாத இடத்தில் நாற்பது வேகத்தில் மிதித்து, வெளியே நின்ற நண்பரை செல்போனில் வீடியோ எடுக்கச் சொன்னேன். பின்சக்கரம்தான் முதலில் நின்றது. பின் வீல் சிலிண்டரை 19.05-லிருந்து 17.46 மி.மீ.க்கு மாற்றினேன். பரப்பு 16 சதவீதம் குறைவு. மறுபடி எடுத்த வீடியோவில் முன்சக்கரம் முதலில் நின்றது. அப்படித்தான் இருக்க வேண்டும். நேராகச் சறுக்கும் வண்டியைக் காலைத் தளர்த்தி மீட்கலாம், சுற்றும் வண்டியை மீட்பது கஷ்டம்.

எண்ணெய் பற்றி ஒரு வரி. டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சிய பிறகு அது 155-க்கு வந்துவிடலாம். கொதித்தால் ஆவிக்குமிழி, குமிழி என்றால் பஞ்சு பெடல். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இன்னொன்று: வண்டியைத் தயாரித்த நிலையிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. கை வைப்பதற்கு முன்னால் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

மறுபடியும் சீயமங்கலம்

எல்லாம் முடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். வர மறுத்தார். "வண்டியை எடுக்கல, சும்மா உட்கார்ந்து மிதிச்சுப் பாருங்க" என்றேன். வாசலில் நின்ற வண்டியில் ஏறி மிதித்தார். விட்டார், மறுபடி மிதித்தார். ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். சாவி கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

தெருமுனை வரை போய் வந்தார். "பழைய டிரம் மாதிரிதான் இருக்குது" என்றார். எனக்கு முகம் தொங்கிவிட்டது. மூணு மாசம், இத்தனை செலவு, கடைசியில் பழைய மாதிரியா?

போன ஞாயிற்றுக்கிழமை தேசூர் சாலையில் அவர்தான் ஓட்டினார். அதே வளைவு, அதே மல்லாட்டை. இந்த முறை ஆடு இல்லை, ஒரு டிராக்டர் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. பேச்சை நிறுத்தாமலே காலை வைத்தார். வண்டி நின்றது. பேச்சு மகேந்திரவர்மனைப் பற்றி. செங்கலும் சுண்ணாம்பும் மரமும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் அவன் கல்வெட்டு வைத்திருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரேக் போட்டதே அவருக்கு ஞாபகம் இல்லை என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது பஸ் பற்றி யாரும் பேசவில்லை.